இந்தக் 'கோவா'வில் பீச் இல்லை... லடாக்கில் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்த ஒரு மானின் கதை!

கூகுளில் 'கோவா' என்று தட்டிப் பாருங்கள். கடற்கரை, ஹோட்டல், 'மூணு நாள் டிரிப்புக்கு எவ்வளவு ஆகும்' என்றுதான் வரிசையாக வரும். நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பல வருடங்களாக பிளான் மட்டுமே போட்டுக்கொண்டிருக்கும் அதே கோவா!

ஆனால், லடாக்கின் கிழக்கு மூலையில் ஆடு மேய்க்கும் ஒருவரிடம் 'கோவா' என்று சொன்னால், அவர் மனதில் கடல் வராது. ஒரு மான்தான் வரும். நம் ஊர் ஆட்டைவிடப் பெரிதாக இல்லாத, மண் நிறத்தில், பின்பக்கம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் ஒரு சின்ன மான். ஆங்கிலத்தில் 'டிபெட்டன் கெஸல்' என்பார்கள். திபெத் சிறுமான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மானைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது ஓர் எண் கண்ணில் பட்டது. அதை அப்படியே தாண்டிப் போக முடியவில்லை.

2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புலிகள் 3,682. 2024-ல் வெளியான கணக்கெடுப்பின்படி பனிச்சிறுத்தைகள் 718. சரி, புலியும் சிறுத்தையும் இரை தின்னும் விலங்குகள். மான்கள் எப்போதும் அவற்றைவிடப் பல மடங்கு அதிகமாகத்தானே இருக்கும்?

கோவா மான்கள் இந்தியா முழுக்கச் சேர்த்தே சுமார் 100-தான். 2007-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று சொன்ன கணக்கு இது. அதில் ஏறத்தாழ பாதி லடாக்கில், மீதி சிக்கிமில். அதாவது, லடாக்கில் இருந்தவை ஒரு டவுன் பஸ்ஸில் உட்காரும் அளவுக்குத்தான்!

'சுமார் 50' என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மீதி மான்கள் எங்கே போயின? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடிப் போனால், கதை மானில் தொடங்கி மனிதர்களில் போய் நிற்கிறது.

யார் இந்தக் கோவா?

முழுதாக வளர்ந்த கோவாவின் எடை 13 முதல் 16 கிலோதான். தோள் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். நம் டைனிங் டேபிளுக்கு அடியில் தாராளமாக நடந்து போகும் உயரம். ஆணுக்கு மட்டுமே கொம்பு. மெலிதாக மேலெழுந்து பின்னால் வளையும், 30 சென்டிமீட்டர் வரை நீளம் இருக்கும். வால் சின்னது, நுனி கறுப்பு. வாலைச் சுற்றி இதய வடிவில் வெள்ளைத் திட்டு. 1846-ல் இந்த மானுக்கு அறிவியல் பெயர் வைத்தவர், நேபாளத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த பிரையன் ஹாட்ஜ்சன். 'வண்ணம் தீட்டிய வால்' என்ற பொருள் வரும்படிதான் வைத்தார்.

கோடியக்கரைக்குப் போனவர்களுக்கு வெளிமானைத் தெரிந்திருக்கும். கிளை பிரியாத, விழுந்து முளைக்காத கொம்பு அதற்கு. அந்த வகையறாவின் மலைநாட்டுச் சொந்தக்காரன்தான் கோவா. ஆனால் வாழும் இடம் கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கு மேலே. ஊட்டி தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால், உயரம் புரியும். மரமே இல்லாத, காற்று வாரி அடிக்கும் வெட்டவெளி. குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும். டிசம்பர், ஜனவரி குளிரில்தான் கோவாவின் இணைசேரும் காலம். ஜூலை, ஆகஸ்ட்டில் ஒரே ஒரு குட்டி.

உலக அளவில் கோவா அழிவின் விளிம்பில் இல்லை. திபெத் பீடபூமியில் சுமார் ஒரு லட்சம் இருக்கலாம் என்பது வல்லுநர்களின் பழைய மதிப்பீடு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என் இதை 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது. பிரச்னை, எல்லைக்கு இந்தப் பக்கம்.

நட்சத்திரம் பார்க்கும் ஊரில் மான் எண்ணும் வேலை

லடாக்கில் கோவா எஞ்சியிருக்கும் இடம், ஹான்லே பள்ளத்தாக்கும் அதையொட்டிய காலாக் தார்தார் பீடபூமியும். ஹான்லே என்ற பெயர் இப்போது பலருக்கும் பரிச்சயம். இன்ஸ்டாகிராமில் பால்வீதி மண்டலத்தின் கீழே யாராவது ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தால், அது பெரும்பாலும் இங்கே எடுத்ததுதான். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி இந்த ஊர் மலைமீதுதான் இருக்கிறது. இரவு வான் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடமும் இதுவே.

நட்சத்திரம் பார்க்க வானம் இருட்டாக இருந்தால் போதும். மானை எண்ணுவது அவ்வளவு சுலபமில்லை.

முதல் சிக்கல் உடம்பு. சமவெளியிலிருந்து போகிறவர் லேயில் சில நாள்கள் தங்கி, குறைந்த ஆக்சிஜனுக்கு உடம்பைப் பழக்க வேண்டும். பிறகு எல்லைப் பகுதிக்கான அனுமதி. அதன்பின்தான் பயணமே.

இரண்டாவது சிக்கல் மானின் நிறம். முதுகு மண் நிறம், நிலமும் மண் நிறம். பகல் வெயிலில் தரையிலிருந்து எழும் கானல், ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மானை அலையலையாகக் கரைத்துவிடும். அதனால் காலையிலும் மாலையிலும்தான் வேலை. மேடான இடத்தில் உட்கார்ந்து, பைனாகுலரையும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பையும் வைத்து, எதிரில் இருக்கும் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் துழாவ வேண்டும். ஓடும்போது தெரியும் அந்த வெள்ளைப் பின்பக்கம்தான் பலநேரம் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. காலையில் இந்த மேட்டில் பார்த்த ஐந்து மான்களும், மதியம் அடுத்த மேட்டில் பார்த்த ஐந்து மான்களும் வேறு வேறா, ஒன்றேதானா? ஆயிரக்கணக்கில் இருக்கும் விலங்கு என்றால் ஐந்து கூடினாலும் குறைந்தாலும் பெரிய தவறில்லை. மொத்தமே 50 இருக்கும்போது ஐந்து என்பது 10 சதவிகிதம்!

இரண்டு பேர், நான்கு கண்கள்

இப்படிப்பட்ட மலைநிலங்களில் விலங்குகளை எண்ண 'இரட்டைப் பார்வையாளர் முறை' என்று ஒன்று இருக்கிறது. கேட்க பெரிதாக இருந்தாலும், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரே பாதையில் இரண்டு பேர் தனித்தனியாக, சற்று இடைவெளி விட்டுப் போவார்கள். ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு மந்தையிலும் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை குட்டி, எந்த இடம் என்று குறித்துக்கொள்வார்கள். மாலையில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

உதாரணத்துக்கு, முதல் ஆள் 8 மந்தைகளைப் பார்த்தார். இரண்டாவது ஆள் 6 மந்தைகளைப் பார்த்தார். அவற்றில் 4 மந்தைகள் இருவர் நோட்டிலும் இருக்கின்றன. இரண்டாவது ஆள் பார்த்த 6-ல் 4-ஐத்தான் முதல் ஆளும் பார்த்திருக்கிறார். அப்படியானால் அவர் கண்ணில் படுவது மூன்றில் இரண்டு பங்கு. அவர் பார்த்தது 8 என்றால், உண்மையில் இருப்பது சுமார் 12. அதாவது, கண்ணில் படாத மந்தைகளையும் கணக்குக்குள் கொண்டுவருகிற வழி இது.

இது எங்கோ தூரத்து விஷயம் இல்லை. 2024-ல் தமிழகமும் கேரளமும் ஒரே நேரத்தில் வரையாடுகளைக் கணக்கெடுத்தபோது, தமிழகத்தில் 1,031 வரையாடுகள் என்று அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம். அந்தக் கணக்கெடுப்பிலும் இரட்டைப் பார்வையாளர் முறை பயன்பட்டது.

மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. குட்டி போடும் காலம் முடிந்த பிறகு, பெண் மான்களோடு எத்தனை குட்டிகள் நிற்கின்றன என்று பார்ப்பது அதைவிட முக்கியம். 50 மான்கள் இருந்தும் குட்டிகளே கண்ணில் படாவிட்டால், அது கடிகாரம் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

'எத்தனை?' என்பதைவிட 'எங்கே?' என்பதுதான் அதிர்ச்சி

மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள், அன்றைய ஜம்மு காஷ்மீர் வனவிலங்குத் துறையோடு சேர்ந்து கோவாவைப் பற்றி ஆராய்ந்தார்கள். யஷ் வீர் பட்நாகர், சாருதத் மிஸ்ரா, லடாக்கைச் சேர்ந்த செவாங் நம்கெயில் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். 2007, 2008-ம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியாயின.

அவர்கள் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. கோவா ஒருகாலத்தில் எங்கெல்லாம் இருந்தது என்றும் தேடினார்கள். இந்தத் தேடலில் ஒரு விநோதம். நூறு வருடத்துக்கு முன்னால் லடாக்கில் எந்த மான் எங்கே இருந்தது என்பதற்கு இன்று கிடைக்கும் சாட்சியங்களில் முக்கியமானவை, அவற்றைச் சுட்ட ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகள். எந்தப் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்தோம், என்ன சுட்டோம், கொம்பு எத்தனை அங்குலம் என்று அவர்கள் பெருமையாக எழுதியது, இன்று பழைய வரைபடத்தை மீட்க உதவுகிறது.

அப்படிக் கிடைத்த விடை: 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லடாக்கில் கோவா திரிந்த பரப்பு சுமார் 20,000 சதுர கிலோமீட்டர். ஆய்வு நடந்தபோது எஞ்சியிருந்தது சுமார் 100 சதுர கிலோமீட்டர்.

நம் ஊர்க் கணக்கில் சொல்வதென்றால், கோவை மாவட்டம் போல நான்கு மாவட்டங்களில் ஓடித் திரிந்த ஒரு விலங்கு, இன்று சென்னை மாநகராட்சியின் கால்வாசிக்கும் குறைவான இடத்தில் ஒதுங்கி நிற்கிறது. 200 பங்கில் 199 பங்கு போய்விட்டது.

இடம் சுருங்குவது ஏன் அவ்வளவு ஆபத்து? மான்கள் பல பள்ளத்தாக்குகளில் பரவியிருந்தால், ஒரு பள்ளத்தாக்கில் பனி மூடி எல்லாம் செத்தாலும் பக்கத்திலிருந்து சில வந்து நிரப்பும். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், ஒரே ஒரு கெட்ட குளிர்காலம் போதும். சாங்தாங்கில் அது கற்பனையும் இல்லை. 2013 பனிப்பொழிவில் அங்கே ஆயிரக்கணக்கான பஷ்மினா ஆடுகளே தீவனமின்றி இறந்தன. கவனித்துக்கொள்ள மனிதர்கள் இருந்த ஆடுகளுக்கே அந்த நிலை.

துப்பாக்கி முதலில்... பிறகு?

கோவா குறைந்ததற்கு முதல் காரணம், வேட்டை. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது, பிறகும் நிற்கவில்லை. 1962 போரை ஒட்டி எல்லைப் பகுதியில் துப்பாக்கிகளும் வாகனங்களும் பெருகின. ஒளிய ஒரு மரம்கூட இல்லாத சமவெளியில், ஜீப்பும் துப்பாக்கியும் வந்தால் மானுக்குத் தப்பிக்க வழியே இல்லை.

பின்னர் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கோவா சேர்க்கப்பட்டது. வேட்டை பெருமளவு குறைந்தது. அப்படியானால் மான்கள் திரும்பப் பெருகியிருக்க வேண்டுமே? ஏன் பெருகவில்லை?

இங்கேதான் ஆய்வாளர்கள் கைகாட்டிய இரண்டாவது காரணம் வருகிறது: புல்.

சாங்தாங்கின் மேய்ப்பர்களை சாங்பா என்பார்கள். யாக், செம்மறியாடு, பஷ்மினா வெள்ளாடு இவைதான் அவர்களின் வாழ்க்கை. திபெத்திலிருந்து 1959-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் தங்கள் கால்நடைகளோடு இங்கே குடியேறினார்கள். எல்லைப் பதற்றத்தால் பாரம்பர்ய மேய்ச்சல் நிலங்கள் சில கைவிட்டுப் போயின. பஷ்மினா கம்பளிக்குச் சந்தையில் நல்ல விலை. விளைவு, குறைந்த நிலத்தில் அதிக ஆடுகள்.

கோவாவுக்கு இது வயிற்றுப் பிரச்னை. காட்டுக்கழுதையான கியாங், முரட்டுப் புல்லைத் தின்றும் சமாளித்துவிடும். சின்ன உடம்பும் சின்ன வாயும் கொண்ட கோவா, இளம் தளிர்களையும் பூச்செடிகளையும் பொறுக்கித் தின்னும். ஆட்டுக்கும் செம்மறிக்கும் அதே தளிர்தான் பிடிக்கும். நூற்றுக்கணக்கான ஆடுகள் மேய்ந்துவிட்டுப் போன நிலத்தில் 15 கிலோ மானுக்கு என்ன மிஞ்சும்? கால்நடைகள் அதிகம் மேயும் இடங்களை விட்டு கோவா ஒதுங்கியே நிற்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள்.

சுருக்கமாக, மானைக் குறைத்தது துப்பாக்கி. மீளவிடாமல் வைத்திருப்பது பசி.

இதோடு நாய்களும் சேர்ந்துகொண்டன. முகாம்கள், கூடாரங்கள், ஊர்கள் கொட்டும் மிச்சச் சாப்பாட்டை நம்பிப் பெருகும் நாய்கள், லடாக்கிலும் சிக்கிமிலும் காட்டு விலங்குகளைக் கூட்டமாகத் துரத்துகின்றன. ஒரு குட்டி, ஒரு நாய்க்கூட்டம்... முடிவை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் ஆட்டை விற்றுவிடச் சொல்லலாமா?

படித்ததும் சட்டென்று தோன்றும் தீர்வு, 'அந்த இடத்தில் ஆடு மேய்க்கத் தடை போடு' என்பதுதான். ஆனால், கொஞ்சம் அவர்கள் பக்கம் நின்று பார்ப்போம்.

மைனஸ் 30 டிகிரியில் ஆட்டுக்கு நடுவே வாழும் ஒரு குடும்பத்துக்கு, பஷ்மினாதான் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, ரேஷன். விவசாயம் செய்ய அந்த உயரத்தில் பெரிதாக வழியில்லை. அவர்களைத் துரத்திவிட்டு மானைக் காப்பாற்ற முடியாது. அவர்கள் இல்லாமலும் காப்பாற்ற முடியாது. மான் எங்கே நிற்கிறது, எப்போது குட்டி போட்டது என்று தினமும் பார்க்கிற கண்கள் அவர்களுடையவை மட்டும்தான்.

இதற்கு ஓர் உதாரணம் பக்கத்து மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இமாச்சலப் பிரதேசம், ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் கிப்பர் என்றொரு கிராமம். அங்கே இதே அமைப்பினர் 1998-ல் ஊர் மக்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஊருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலத்தில் சுமார் 500 ஹெக்டேரை ஐந்து வருடத்துக்கு ஆடு, மாடு விடாமல் ஒதுக்கிவைக்க வேண்டும். பதிலுக்கு ஊருக்குப் பணம். ஏறத்தாழ நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது போலத்தான். எந்த இடத்தை ஒதுக்குவது என்பதை மக்களே பேசி முடிவு செய்தார்கள். காவலுக்கும் உள்ளூர் இளைஞர்களே. அங்கே திரியும் பாரல் என்ற காட்டாடுகள் அதன்பின் நன்றாகப் பெருகின.

ஹான்லே கோவாவுக்கும் ஏறத்தாழ இதே வழியைத்தான் 2007 கட்டுரை யோசித்தது. எஞ்சியிருக்கும் அந்தச் சிறிய பரப்பிலும் அதைச் சுற்றியும் மேய்ச்சலைக் குறைக்க வேண்டும். அதை மேய்ப்பர்களின் சம்மதத்தோடும் அவர்களுக்கு நஷ்டம் வராமலும் செய்ய வேண்டும். புல் மீண்டும் வளர்ந்தால், மான் தானாகவே பரவும்.

சிக்கிமில் கதை இன்னும் சிக்கலானது. வட சிக்கிம் பீடபூமியில் இருக்கும் கோவாக்களுக்கு எல்லைக்கோடு தெரியாது. திபெத் பக்கம் போகும், வரும். அங்கே ஒரு வருடம் எண்ணிக்கை கூடினால் பிறந்தவையா, எல்லை தாண்டி வந்தவையா என்று சொல்வதே கடினம். ஆனால், அந்தப் பக்கத்தோடு தொடர்பு இருப்பதே அவற்றுக்கு ஒரு காப்பீடு. வழியில் வேலிகள் பெருகினால் அந்தக் காப்பீடும் ரத்தாகும்.

ஹான்லே போகிற பிளான் இருக்கிறதா?

நட்சத்திரம் பார்க்க ஹான்லே போகிறவர்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே வருகிறார்கள். உங்கள் குரூப்பிலும் அடுத்த பிளான் அதுவாக இருக்கலாம். போனால், மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்று, வண்டிப் பாதையை விட்டு இறங்காதீர்கள். வெறும் மண் போலத் தெரியும் அந்தச் சமவெளியில் வருடத்தில் சில மாதங்கள்தான் செடி வளரும். ஒரு டயர் தடம் மறைய ஆண்டுகள் பிடிக்கும். ரீல்ஸுக்காகக் கியாங்கையும் மானையும் வண்டியில் துரத்துவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டு, மிச்சச் சாப்பாட்டை அங்கே கொட்டாதீர்கள். அது நாய்களைப் பெருக்கும்.

மூன்று, வழிகாட்டியாக, ஓட்டுநராக, தங்க இடம் கொடுப்பவராக உள்ளூர் ஆள்களையே தேர்ந்தெடுங்கள். ஆட்டை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இன்னொரு வருமானம் வந்தால்தான், 'இந்தப் பக்கம் ஆட்டை விட வேண்டாம்' என்று முடிவெடுக்கும் தைரியம் வரும்.

கோவாவை நீங்கள் அங்கே பார்க்காமலே திரும்பி வரலாம். சில டஜன் மான்களும் அவ்வளவு பெரிய வெட்டவெளியும் என்றால் வாய்ப்பு குறைவுதான். ஆனால், யாரோ ஒருவர் குளிரில் மேட்டின் மேல் உட்கார்ந்து, கண் வலிக்க ஸ்கோப்பில் பார்த்து, நோட்டில் '3 பெண், 1 குட்டி' என்று எழுதுவாரே... அந்த '1 குட்டி' அடுத்த வருடம் '2' ஆக வேண்டும். இந்தியாவில் கோவா இருக்குமா, இல்லையா என்பது அந்த நோட்டில்தான் இருக்கிறது.

அடுத்த முறை யாராவது 'கோவா போலாமா?' என்று கேட்டால், 'எந்தக் கோவா?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்!